முக்கோணச் சுவரும் பக்கத்து அறையும்

சந்தாபுராவைத் தாண்டி, ஆனேக்கல் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் எங்கள் நிலம் இருக்கிறது. காக்ஸ் டவுனில் வாடகை வீட்டில் இருந்த நானும் என் கணவரும் அங்கே கட்டத் தொடங்கியது கொட்டகை மாதிரி ஒரு வீடு. வெளிநாட்டுப் பண்ணைகளில் வைக்கோலும் தானியமும் போட்டுவைக்கும் கட்டடத்தின் வடிவம் அது. இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சரியும் தகட்டுக் கூரை, நடுவில் தூணே இல்லாத உயரமான ஒரே கூடம், தள்ளித் திறக்கும் அகலமான கதவுகள். கிழக்கு முனையிலும் மேற்கு முனையிலும் கூரையின் உச்சிவரை எழும்பும் முக்கோணச் சுவர். எங்கள் ஆர்க்கிடெக்ட் இளம்பெண். அவர் அதை ‘பார்ன்’ என்பார். எனக்குப் பிடித்தது அதில் தேவையில்லாத எதுவும் இல்லை என்பது. ஒரு கூரை, ஒரு கூடம், முடிந்தது.

ஊரில் யாருக்கும் அது வீடாகத் தெரியவில்லை. அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றே, கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அம்மா வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். கணவர் லாரி ஓட்டுநர். வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு.

“கோழி எத்தனை விடப் போறீங்க மேடம்?”

“கோழி இல்லம்மா. வீடு கட்டறோம்.”

“வீடா? மேல மோல்டு போடலைங்கிறாரே மேஸ்திரி. தகடுன்னா கோழிக்குத்தான போடுவாங்க?” மோல்டு என்று அவர் சொன்னது கான்கிரீட் தளத்தை. சிரித்தார். ஆனால் கேள்வியை விடவில்லை. “எதுக்குக் கேக்கறேன்னா, கோழின்னா ஈ வரும். என் பொண்ணு பிரசவத்துக்கு வர்றா.”

ஈ வராது என்று நான் உறுதி சொன்னேன்.

பல வருடங்கள் ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூருப் பதிப்பில் துணை ஆசிரியராக இருந்தவள் நான். கோடை முடிவில் அடிக்கும் காற்று மழையில் சுவர் இடிந்த செய்தி வராத வருடம் கிடையாது. பெரும்பாலும் ஒற்றைப் பத்தி. வேலை நடந்துகொண்டிருந்த கட்டடத்தின் சுவர், ஒட்டியிருந்த ஷீட் வீட்டின் மேல் விழுந்திருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றேதான்: உரிமையாளர் மீது போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான்.

வரைபடத்தின்படி எங்கள் வீட்டில் முதலில் வர வேண்டியது ‘டிரஸ்’ எனப்படும் இரும்புச் சட்டம். கூரையைத் தாங்கும் அந்தச் சட்டத்தை நிறுத்தி, பிறகு அதோடு பிணைத்துக்கொண்டே இரண்டு முனைகளிலும் சுவர் எழுப்ப வேண்டும். சட்டம் செய்யும் பட்டறையின் வெல்டர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எங்கள் மேஸ்திரி தர்மபுரிப் பக்கத்துக்காரர். அவர் கட்டியதெல்லாம் தளம் போட்ட வீடுகள். அந்த வீடுகளில் முதலில் சுவர், அதன் மேல் தளம். தளத்தின் கனமே சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பது பொறுக்காமல் அவர் தனக்குத் தெரிந்த வரிசையிலேயே வேலையை ஓட்டினார். சிமெண்ட் பிளாக்கை அடுக்கி இரண்டு முக்கோணங்களையும் உச்சிவரை ஏற்றிவிட்டார். ஏற்றி முடித்ததும், வேறொரு வேலைக்குத் தேவைப்பட்டது என்று சாரத்தையும் பிரித்து அனுப்பிவிட்டார். எங்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சூரிய அஸ்தமனத்தின் முன் இரண்டு கூர்முனைகள். படம் அழகாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். கணவர் அலுவலக வேலையாக வெளியூரில் இருந்தார். மதிய வெயில் சுரீரென்று இருந்தது. காற்றே இல்லை. காரை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்தார்.

“பிரசவம் ஆய்த்து மேடம். பொண்ணு பொறந்திருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து வந்து ஒரு வாரம் ஆகுது.”

“எங்க இருக்காங்க?”

“அதோ, அந்த ரூம்ல.” அவர் காட்டியது வீட்டின் கடைசியில், எங்கள் வேலியை ஒட்டி, ஷீட் போட்ட தனி அறை. “முன்னால அதுல படுக்க வெக்க முடியாது. மேற்குக் காத்து நேரா அடிக்கும். உங்க சுவர் எழும்புனதுல இருந்து ஒரு சொட்டு காத்து இல்ல. பாணந்திக்குன்னே கட்டுன மாதிரி இருக்கு.”

பிள்ளை பெற்று இன்னும் அறையை விட்டு வெளியே வராத பெண்ணைக் கன்னடத்தில் பாணந்தி என்பார்கள். இந்தப் பக்கத்துத் தமிழிலும் அதே சொல்தான். தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு அடைத்து, ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணிப் புகையில் வைத்திருப்பார்கள். அவளைக் காற்று தொடக்கூடாது.

நான் திரும்பி எங்கள் கிழக்குச் சுவரைப் பார்த்தேன். மேற்கில் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. மேகம் நகர, சுவர் அந்த அறையின் பக்கம் சாய்வதுபோல் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் எந்தச் சுவரும் அப்படித்தான் தெரியும். என் கண்ணை நம்பாமல் கிட்டப் போய்ப் பார்த்தேன். முக்கோணம் தொடங்கும் இடத்தில், பிளாக்குகளின் கலவை இணைப்பில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கோடு.

“மேஸ்திரி, இது என்ன?”

“ஏர் கிராக் மேடம். வெயிலுக்கு விடும். பூசுனா போயிடும்.”

“டிரஸ் வராம சுவர் தனியா நிக்குதே?”

“சுவர்னா தனியாத்தான் மேடம் நிக்கும். கை புடிச்சிக்கிட்டா நிக்கும்?” பின்னால் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். அவர் ஏணி வைத்து ஏறித் தூக்குக்குண்டை விட்டுக் காட்டினார். நூல் சுவரோடு இழைந்து இறங்கியது. “பாருங்க. நூல் பிசகல. இதுக்கு மேல என்னா வேணும்?”

சுவர் நேராகத்தான் இருந்தது. அதைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்டது வேறு. ஆர்க்கிடெக்டுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே அழைத்தார்.

“மேடம், டிரஸ் எங்க?”

“இன்னும் வரல.”

“சாரம்?”

“பிரிச்சாச்சு.”

பிறகு அவர் பேசிய குரல், எங்களுக்கு விளக்கம் சொல்லும்போது பேசும் குரல் அல்ல. “சுவருக்கு ரெண்டு பக்கமும் யாரும் நிக்கக் கூடாது. சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் காலியா இருக்கணும். அங்க காத்து இருக்கா?”

நீலகிரித் தோப்பின் உச்சி அசையத் தொடங்கியிருந்தது. “இப்பத்தான் ஆரம்பிக்குது. முட்டுக் கொடுக்கச் சொல்லவா?”

“வேணாம். யாரையும் மேல ஏத்தாதீங்க. சுவர் போனா போகட்டும் மேடம். ஆளை மட்டும் எடுங்க.”

பாணந்தி இருந்த அறை, சுவரின் உயரத்தில் பாதித் தூரத்தில்கூட இல்லை.

மேஸ்திரியிடம் சொன்னேன். “அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல கட்டுது மேடம். நான் கையால கட்டறேன்” என்றார். அதற்குள் முதல் சுழல் வந்தது. செம்மண் எழும்பி, சிமெண்ட் மூட்டைகளை மூடியிருந்த நீலத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. மேஸ்திரி சுவரை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கிழக்குச் சுவரடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்து, “டேய், எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்கடா” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வேலியைத் தாண்டி ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மா துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, பொண்ணையும் குழந்தையையும் உடனே அந்த ரூம்ல இருந்து வெளிய கொண்டு வாங்க. சுவர் விழுந்தாலும் விழும்.”

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நேரா நிக்குதே?”

“நிக்குது. ஆனா பிடிமானம் இல்ல. காத்து வருது.”

“அதத்தான் நானும் சொல்றேன். காத்து வருது. இப்பப் போயி பாணந்திய வெளிய எடுப்பாங்களா?” அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “மேடம், நீங்க படிச்சவங்க, உங்களுக்கு இதெல்லாம் சும்மா. என் தங்கச்சிய இப்படித்தான், அவசரம் அவசரம்னு பச்ச உடம்போட வண்டியில ஏத்துனாங்க. ஜன்னி வந்துச்சு. அதோட சரி. குழந்தைய நான்தான் வளத்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. அவர் பயந்ததும் நான் பயந்ததும் ஒரே காற்றுக்குத்தான். அது நேராக வந்து அவர் மகளைத் தொடுமா, சுவர் வழியாக வந்து தொடுமா என்பதுதான் எங்கள் தகராறு.

“பக்கத்து ரூமுக்காவது மாத்துங்க.”

“அதுவும் இதே ஷீட்டுதான். விழுந்தா அங்கயும்தான் விழும். கட்டும்போது தெரியலயா உங்களுக்கு? அப்ப எல்லாம் கார்ல வந்து போட்டோ எடுத்துட்டுப் போனீங்க.”

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “அம்மா, நான் போறேன்.”

“சும்னிரு நீ.”

“நான் போறேம்மா. பாப்புவ எடுத்துக்கறேன். வழி விடு.”

அந்தப் பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. குரலில் கெஞ்சல் இல்லை. தாயின் கைகள் நிலைக்கதவிலிருந்து மெல்ல இறங்கின. இறங்கியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். வேகவேகமாக உத்தரவுகள் வந்தன. கார் வாசல்வரை வர வேண்டும். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும். ஏசி போடக் கூடாது. வாசலிலிருந்து கார்வரை ஒரு பொட்டுக் காற்றுப் படக் கூடாது. ஆண்கள் யாரும் பாணந்தியைப் பார்க்கக் கூடாது.

காரை வேலியின் படல் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். வாசல்வரை போகவில்லை, நடுவில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டிக்கும் வாசலுக்கும் இடையே வெட்டவெளி. அந்த வெட்டவெளி முழுக்கச் சுவரின் நேர் கீழே. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். சொல்லி முடிக்கும் முன்பே அவர் மூட்டைகளின் மேலிருந்து தார்ப்பாயை உருவிவிட்டார்.

ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று தார்ப்பாயை இருபுறமும் உயர்த்திப் பிடித்தார்கள். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, முதுகால் அணைத்துக்கொண்டு. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கத்து வரிசையில் நின்ற மேஸ்திரியின் முகம் சுவரை நோக்கியிருந்தது. மற்றவர்கள் தலை குனிந்திருக்க, அண்ணாந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான். “சீக்கிரம்மா, சீக்கிரம்” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது.

அவள் வந்தாள். தலையோடு கம்பளி. ஒரு கையில் குழந்தை, மறு கையில் அம்மா திணித்த கதிர் அரிவாள். இரும்பு இல்லாமல் வாசல் தாண்டக் கூடாதாம். பிரசவித்த பெண்ணால் ஓட முடியாது. அடிமேல் அடி வைத்து வந்தாள். காற்று தார்ப்பாயை வெளியே தள்ளியது. ஆட்கள் முதுகால் அதை உள்ளே தள்ளினார்கள். சுவரின் பக்கத்திலிருந்து பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. சுவரா, தார்ப்பாயின் வளையமா என்று அப்போது தெரியவில்லை.

கதவைச் சாத்தியதும் வண்டியைப் பின்னால் எடுத்தேன். ஆட்கள் தார்ப்பாயை விட்டுவிட்டு ஓடினார்கள்.

பாதை முனையில் பால் சங்கக் கட்டடத்தின் முன் நிறுத்தினேன். மழை பிடித்துக்கொண்டது, பிறகு ஆலங்கட்டி. ஏற்றிய கண்ணாடிகளுக்குள் நான்கு பேர். பூண்டு, சாம்பிராணி, பால், நனைந்த கம்பளி எல்லாம் கலந்த வாசனை. வேர்வை முதுகில் ஓடியது. குழந்தை அழுதது. நடுவில் காற்றின் திசை மாறிவிட்டது. மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது, திடீரென்று எதிர்ப்பக்கக் கண்ணாடியில் அறைந்தது.

அந்தச் சத்தம் வந்தபோது நான் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை. லாரி ஜல்லியைக் கொட்டியதுபோல, ஒரே மூச்சில்.

“எந்தப் பக்கம்?” என்றார் அந்த அம்மா.

யாருக்கும் தெரியாது. கண்ணாடி முழுக்க ஆவி. வெகுநேரம் கழித்து மேஸ்திரி வருவது கலங்கலாகத் தெரிந்தது. காலிச் சிமெண்ட் பையைத் தலையில் கவிழ்த்திருந்தார். நடையில் அவசரம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று கணிக்க முயன்றேன். கார் கிட்டே வந்ததும், உள்ளே பாணந்தி இருக்கிறாள் என்பதால், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியை விரல் அளவு இறக்கினேன்.

“உள்ள விழுந்துச்சு மேடம். நம்ம கூடத்துல. அவங்க ரூமு மேல ஒரு கல்லு கூடப் போகல.”

“ஆளுங்க?”

“எல்லாம் இருக்காங்க.” பிறகு, முதுகைக் காட்டியபடியே, “காத்து திரும்புச்சு மேடம். அதான்” என்றார்.

பின் இருக்கையிலிருந்து குழந்தை பால் குடிக்கும் சத்தம் மட்டும். அந்த அம்மா பேசும்போது குரல் தணிந்திருந்தது. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்ப என் பொண்ண எதுக்கு மேடம் வெளிய இழுத்தீங்க?”

“எந்தப் பக்கம் விழும்னு எனக்குத் தெரியாதும்மா.”

“தெரியாமத்தான் இந்த ஆட்டம் ஆடுனீங்களா?” என்றார். “இவளுக்கு நாளைக்கு ஒரு ஜுரம் வரட்டும்.”

அதன் பிறகு தினமும் காலையில் காக்ஸ் டவுனிலிருந்து கிளம்பிப் போனேன். இடிபாடுகளை அள்ளுவதை மேற்பார்க்கத்தான் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மேற்குச் சுவரையும் மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பிரித்து இறக்கினார்கள். மேஸ்திரி அந்த வேலைக்கு யாரையும் ஏற்றாமல் தானே ஏறினார். நான் வேலியருகே நிற்பேன். அந்த அம்மா வாசல் தெளிக்க வருவார். நான் கேட்கும் முன்பே “ஜுரம் இல்ல” என்பார். அவ்வளவுதான். உள்ளே கூப்பிட மாட்டார்.

ஒரு நாள் அந்த இரண்டு வார்த்தையும் வரவில்லை. “உடம்பு சுடுது” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அன்று முழுக்க நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து, பால் கட்டியிருக்கிறது, அதனால் வந்த சூடு என்று சொல்லி மருந்து கொடுத்துவிட்டுப் போனார். நர்ஸ் சொன்னதை நான் நம்பினேன். நம்பியும் கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை வாசலில், “இல்ல” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நின்றுவிட்டுப் போனார்.

இரும்புச் சட்டங்கள் ஒருவழியாக வந்து நின்றன. ஆர்க்கிடெக்ட் வரைபடத்தை மாற்றிவிட்டார். முக்கோணங்களில் இனிக் கல் கிடையாது. சட்டத்தின் மேல் தகடு மட்டும். பார்க்க முன்னைவிடக் கொட்டகை மாதிரிதான் இருக்கும் என்றார்.

அறையிருப்பு முடிந்த மறுநாள் அந்தப் பெண் எங்கள் பக்கம் வந்தாள். தோளில் குழந்தை. காதில் பஞ்சு இல்லை. பகல் வெளிச்சத்தில் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். என் மகள் வயதுகூட இருக்காது. கூடத்தின் நடுவில் நின்று இரும்புச் சட்டத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“இங்கயாக்கா விழுந்துச்சு?”

“இங்கதான்.”

“அம்மா இன்னும் சொல்லிட்டிருக்கு. சும்மாவே வெளிய இழுத்துட்டாங்கன்னு.” குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். “நான் ஏன் கெளம்புனேன்னு அம்மாக்குத் தெரியாதுக்கா. அந்த ரூம்ல வேற என்னா வேல? படுத்துக்கிட்டு மேல ஷீட்டத்தான் பாத்துட்டு இருப்பேன். ரெண்டு மூணு நாளாவே, காத்து லேசா அடிச்சாப் போதும், ஷீட்டு மேல சர்ருன்னு மண்ணு கொட்டும். அணில்னு சொல்லுச்சு அம்மா. அணிலு காத்து வந்தா மட்டுமா ஓடும்?”

“அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, பாணந்திக்குப் பயம் வந்துடுச்சுன்னு மந்திரிக்கக் கூப்டுடும்” என்று சிரித்தாள். அம்மா கூப்பிடும் குரல் கேட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

நான் வேலிவரை நடந்து போனேன். அந்த அறையின் ஷீட் எங்கள் பக்கம்தான் சரிந்திருந்தது. கூரைத் தண்ணீர் விழுந்து விழுந்து, அதன் விளிம்புக்கு நேர் கீழே தரையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். சுற்றிலும் சிவந்த மண். ஒவ்வொரு குழிக்குள்ளும் மட்டும், சாம்பல் நிறத்தில், சிமெண்ட் கலந்த மணல் படிந்திருந்தது.